மூச்சுச் சத்தம்

“ச்சீ, காதுக்குள்ள வந்து யாரோ மூச்சு விடற மாதிரி இருக்குடி.”

கேட்டீர்களா ஆன்ட்டி? முன் சீட்டில் அந்தப் பச்சைச் சுடிதார் சொன்னது. பக்கத்தில் இருப்பவள் காதைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள் பாருங்கள். டிரைவர் போட்டிருக்கும் இந்த அம்மன் பாட்டைத்தான் சொல்கிறார்கள். சரியாகத்தான் சொன்னாள். மூச்சுதான் அது. ‘தாயி’ முடிந்ததும் ஒன்று வரும், கேளுங்கள். இதோ. அடுத்து ஒரு வளையல் உரசும். இதோ. எனக்கு மனப்பாடம். இந்தப் பாட்டைக் கடைசியாகத் தொட்டது எங்கள் ஸ்டூடியோதான்.

நான் இப்படி யாரிடமும் வாய் திறக்கிறவள் இல்லை. செஞ்சியில் ஏறினதும் ‘எங்கம்மா போயிட்டு வர்ற, முகமே வாடிக் கிடக்குது’ என்று நீங்கள் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன். திண்டிவனம் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கேட்கவில்லை என்றால் சொல்லுங்கள், பக்கத்தில் வந்து சொல்கிறேன். என் குரல் இவ்வளவுதான். காலேஜில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் ‘பிரசன்ட் மேம்’ சொன்னது கேட்காமல் ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். எழுந்து நின்று திருத்தியதில்லை. மூன்று வருடத்தில் பதினோரு நாள் அப்படிப் போயிருக்கிறது.

எனக்குச் சத்தம் என்றாலே அருவருப்பு. சாப்பிடுகிறவர்கள் வாயில் வரும் சத்தம், செருப்பைத் தேய்த்து நடப்பது, இந்த பஸ் ஹாரன். ஆனால் என் காது நல்ல காது. பிசிக்ஸ் முடித்துவிட்டு ஒரு வருடம் சவுண்ட் எஞ்சினியரிங் படித்தேன். சாலிகிராமத்தில் ஞானப்பிரகாசம் சாரின் ஸ்டூடியோவில் நான்கு வருடமாக இருக்கிறேன். ‘தமயந்தி காதுல விழாதது எதுவும் இல்ல’ என்று சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மேல்மாடியில் குழாய் சொட்டினால் எனக்குத் தெரியும்.

பாடுகிறவர்களைப் பதிவு செய்வதும் உண்டு, ஆனால் எங்கள் முக்கிய வேலை மாஸ்டரிங். எல்லா வாத்தியத்தையும் குரலையும் ஒன்றாகச் சேர்த்த பிறகு, பாட்டு வெளியே போகும் முன்னால் செய்கிற கடைசி வேலை. எங்கே சத்தம் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், மொத்தத்தில் எவ்வளவு சத்தமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

சத்தத்தை எப்படிக் கூட்டுகிறார்கள் தெரியுமா? இந்த பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கூரை இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் நிற்க முடியாது. பாட்டுக்கும் அப்படி ஒரு கூரை உண்டு. உள்ளே நெட்டையும் குட்டையுமாக ஆட்கள் நிற்கிறார்கள். கூரையை அப்படியே விட்டுவிட்டுத் தரையை மட்டும் மேலே தூக்கினால் என்ன ஆகும்? நெட்டை ஆட்கள் கழுத்தை மடக்கிக்கொண்டு நிற்பார்கள். கைக்குழந்தையின் தலைகூட மேலே போய் முட்டும். எல்லோரும் ஒரே உயரம். லிமிட்டர் என்கிற ஒன்று இதைத்தான் செய்கிறது. இந்தப் பாட்டில் பம்பையும் உடுக்கையும் நெட்டை ஆட்கள். நடுவில் மெதுவாக வருகிற எட்டு வரிதான் குழந்தை. பாடினவரின் மூச்சு, வளையல் உரசல், நாற்காலி முனகல், இதெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தவை. தூக்கினால் அவையும் எழுந்து நின்று முகத்துக்கு நேரே மூச்சு விடும்.

பாடினவர் கோதாவரி அக்கா. செஞ்சிக்கு உள்ளே ஒரு ஊர். அம்மன் கோயில் மேடைகளில் பாடுகிறவர். நாற்பது வயது இருக்கும். பாட்டும் அவருடையதுதான். அவர் மகளுக்கு ஆறு வயதில் அம்மை போட்டிருந்தது. நாலு நாளாகக் கண்ணை மூடாத குழந்தை ஒரு மதியம் தூங்கிப்போயிற்று. வேப்பிலையால் விசிறிக்கொண்டே அம்மனுக்குச் சொல்கிற மாதிரி முணுமுணுத்தாராம்.

மெல்ல வா தாயி, கொலுசக் கழட்டி வா,
புள்ள கண்ணசந்தா, பூவாட்டம் நடந்து வா.

இப்படி எட்டு வரி. ஸ்டூடியோவில் அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, மைக்குக்குக் கிட்டே வந்து, பக்கத்தில் குழந்தை படுத்திருக்கிற மாதிரிப் பாடினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் யாரும் அசையவில்லை. சார்கூடக் கடலை மெல்வதை நிறுத்திவிட்டார். ஒரே டேக். வெளியே வந்ததும் என்னைத்தான் கேட்டார்: “ரொம்ப மெதுவாயிடுச்சா பாப்பா? எம் பொண்ணு முழிச்சுக்குவாளோன்னே வருது எனக்கு.”

“நல்லா இருக்குக்கா” என்றேன். அப்போது நான் சொன்னது உண்மை.

பிறகு வந்தார் தண்டபாணி. பக்திப் பாட்டுக் கம்பெனி முதலாளி. அவரைப் பற்றிச் சொல்லவே எனக்குக் குமட்டும். வாயில் எப்போதும் பாக்கு. ஒரு லட்ச ரூபாய் ஸ்பீக்கர் முன்னால் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுகிறோம், அவர் கேட்க மாட்டார். போனில் ஏற்றிக் கொடுக்கச் சொல்வார். தண்ணீர் குடித்த எவர்சில்வர் டம்ளருக்குள் அந்தப் போனைத் தலைகீழாக விடுவார். டம்ளர் கணகணவென்று இரையும். அதில்தான் அவர் தீர்ப்பு. டம்ளரின் விளிம்பில் பாக்குக் கறை. நாளெல்லாம் நான் உட்கார்ந்து செதுக்கியதை இந்த எச்சில் டம்ளர் முடிவு செய்யும்.

“சத்தம் பத்தல சார்” என்றார்.

“அது அப்படித்தாங்க. நடுவுல கொஞ்சம் எறங்கி, அப்புறம் ஏறும்” என்றார் சார்.

“எறங்குனா எவன் கேப்பான்? ஆடி மாசம் கோயில்ல கொழாய் ஸ்பீக்கர் கட்டிப் போடறான். அந்த எடம் வந்தா கரண்டு போச்சான்னு மேல பாப்பான். எதிர்க் கம்பெனிக்காரன் பாட்டைப் போட்டுப் பாருங்க, எப்படிப் பேயறையற மாதிரி இருக்குன்னு.”

போட்டுப் பார்த்தோம். மீட்டரில் எதிர்க் கம்பெனி மைனஸ் ஆறு. எங்களுடையது மைனஸ் பதினாலு. பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். அவன் கூரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறான், நாங்கள் மனுஷர் மாதிரி நிற்கிறோம்.

நான் சொன்னேன். இணையத்தில் ஏற்றினால் அவர்களே எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறக்கிவிடுவார்கள், நசுக்கின பாட்டு நசுங்கினதுதான் மிச்சம், சத்தத்தில் லாபம் இல்லை என்று சொன்னேன். சார் அப்போது போனில் இருந்தார். அதனால் வாட்ஸப்பில் தெளிவாக, மூன்று பத்தி, டைப் செய்தேன். அனுப்பவில்லை. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சார் போனில் அது மினுங்கினால் சாருக்குச் சங்கடம். ஆனால் சொன்னேன். என் பங்குக்குச் சொல்லிவிட்டேன்.

இன்னொரு அசிங்கம் சொல்கிறேன். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவது தடவை ஒரு துளி சத்தம் கூட்டினால் போதும், கேட்கிறவர் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்பார். காது அப்படி ஏமாறும். எது உண்மையிலேயே நல்லது என்று பார்க்க வேண்டுமானால் இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்க வேண்டும். பாடப் புத்தகத்தின் முதல் பக்கம் அது. ஆனால் எல்லா ஸ்டூடியோவிலும் நடப்பது என்ன? முதலாளி ‘மாத்துங்க’ என்றால் ஒன்றையும் மாற்றாமல் ஒரு டெசிபெல் கூட்டிப் போட்டுக் காட்டுவது. அன்று அதைத்தான் செய்தோம். தண்டபாணி டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு, “ஆங், இப்ப பாரு, உசுரு வந்துச்சு” என்றார். அடுத்த நாள் இன்னொரு டெசிபெல். “இப்ப ஆத்தா எழுந்து உக்காந்துட்டா.” அதற்கடுத்த நாள் இன்னொன்று. கீழ்த்தரமான ஏமாற்று. அவர் ஏமாறுவதைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கும். சிரித்துக்கொண்டே ஏமாறுவார்.

அப்படியே மைனஸ் ஏழு வரைக்கும் போய்விட்டது. மவுஸ் என் கையில் இருந்தது, அது வேறு விஷயம். சார் பின்னால் நின்று, “தள்ளும்மா, தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளு” என்றுகொண்டே இருந்தார். அந்த எட்டு வரி மட்டும் தனியாகத் தாழ்ந்தே இருந்தது. “அதையும் தூக்கிடு, ஆள் வந்து திட்டறான்” என்றார். தூக்கினேன். திரையில் பாட்டின் படம் வரும், மலையும் பள்ளமுமாக. தூக்கி முடித்த பிறகு அது ஒரு செங்கல் மாதிரி இருந்தது. நீளமான ஒரு செங்கல். பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நசுக்குவதற்கு முந்தின பாட்டைத் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியாமல். இந்தப் பையில்தான் இருக்கிறது. சின்னது, நீல நிறம்.

வைகாசியில் பாட்டு வெளியானது. ஒரு வாரம் கழித்துக் கோதாவரி அக்கா போன் செய்தார். எனக்கு. சாருக்கு இல்லை.

“பாப்பா, கடைசியா பாத்தது நீதான? அந்த எட்டு வரில என் கொரலு ஏன் அப்படி இருக்குது? நாய் எரைக்கற மாதிரி இருக்குன்னு எம் பொண்ணு சிரிக்கறா.”

சார் எனக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு கடலையாக நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. அந்த நேரத்தில் நான் என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

“மைக் ரொம்ப சென்சிட்டிவ் அக்கா. நீங்க கொஞ்சம் கிட்டக்க வந்து மூச்சு விட்டுட்டீங்க.”

அது பொய் இல்லை ஆன்ட்டி. கிட்டத்தான் வந்தார். மூச்சு விடத்தான் செய்தார்.

அவருக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது. பிறகு, “அப்ப எம்மேலதான் தப்பா?” என்றார்.

“தப்புன்னு இல்லக்கா...”

“இருக்கட்டும் பாப்பா. படிச்ச பொண்ணு, மொகத்துக்கு நேரா சொன்ன பாரு. இருவது வருசமா மேடையேறுறேன், ஒருத்தரும் சொல்லல. திருத்திக்கறேன்.”

சார், “யாரு?” என்றார். “ராங் நம்பர் சார்” என்றேன்.

அவர்கள் யாரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒருவன் டம்ளரில் பாட்டுக் கேட்கிறான். ஒருவர் கடலை தின்றுகொண்டே தள்ளு தள்ளு என்கிறார். ஒரு பெண் பிள்ளைக்காக முணுமுணுத்ததை எடுத்து இப்படி பஸ்ஸில் போகிறவளெல்லாம் ‘ச்சீ’ என்று சொல்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். இரண்டு மாதமாக எனக்கு வேலையில் மனமே இல்லை.

போன வாரம் அக்கா மறுபடியும் கூப்பிட்டார். “ஆடி மூணாவது ஞாயிறு எங்கூர்ல கூழ் ஊத்தறோம். காலையில நான் பாடறேன். நீ வந்து கேளு பாப்பா. திருத்திக்கிட்டேனான்னு நீதான் சொல்லணும்.” சரி, நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, பென்டிரைவைக் கையில் கொடுத்து, ‘இதுதான்க்கா உங்க குரல், இதில ஒரு குறையும் இல்ல’ என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இன்று விடியற்காலை கிளம்பினேன். பஸ்ஸில் நாலு வாக்கியமாக மனத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். நல்ல வாக்கியங்கள்.

போய் இறங்கினால் அதே கூத்து. கோயிலுக்கு எதிரே புளியமரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர், நாலு பக்கமும் பார்த்து. இறங்கின இடத்திலிருந்தே காதைப் பொத்திக்கொண்டுதான் நடந்தேன். மரத்தடியில் மைக்செட் மேஜை. பக்கத்தில் மட்டும்தான் நிழல், அங்கே போய் நின்றேன். மைக்செட்காரர் பெயர் வேலாயுதம், அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. ஐம்பது வயது, வேர்வையில் நனைந்த துண்டு, காதில் பீடி. ‘அலோ, அலோ, மைக் டெஸ்டிங்’ என்று ஊதி ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி ஆட்களுக்காகத்தானே தண்டபாணி பாட்டை நசுக்கச் சொல்கிறார் என்று நினைத்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அக்கா மேடைக்கு வந்தார். மஞ்சள் சேலை. கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். இதே பாட்டு. பம்பை, உடுக்கை எல்லாம் நன்றாகப் போயிற்று. எட்டு வரி வந்தது.

அவர் மைக்கைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கத்தினார். ஆமாம், கத்தினார். ‘மெல்ல வா தாயி’ என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். மூச்சு விடவில்லை. இரண்டு வரி முழுக்க அடக்கிப் பிடித்து, முகம் சிவந்து, மைக்கை இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒரு தடவை இழுத்து, மறுபடியும் இரண்டு வரி. ஓரமாக நின்ற ஒரு பெண், “என்னாடி இது, மூச்சு முட்டிச் செத்துரும் போல” என்றாள்.

ஆனால் ஒன்று. அவர் கத்துவது எனக்குத் தெரிகிறது, குழாயில் சத்தம் வரவில்லை. மெதுவாகத்தான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். வேலாயுதத்தின் கை குமிழ் மேல் இருந்தது. கண் அக்காவின் வாய் மேல். அவர் ஏற ஏற இவர் இறக்குகிறார். வார்த்தை முடிகிற இடத்தில் ஒரு துளி ஏற்றி, மறுபடி இறக்கி. எங்கள் ஸ்டூடியோவில் அந்த வேலைக்கு ஒன்றரை லட்ச ரூபாய் கருவி இருக்கிறது. இவர் பீடிக் கறை படிந்த இரண்டு விரலால் செய்துகொண்டிருந்தார்.

எட்டு வரி முடிந்து பம்பை எடுத்ததும் கேட்டேன். “ஏண்ணா அங்க மட்டும் கொறைச்சீங்க?”

“பின்ன என்னாம்மா? ஆத்தாளையே கொலுசக் கழட்டிட்டு வரச் சொல்லிட்டு, இது இந்தக் கத்து கத்துது.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “முன்னல்லாம் இப்படிப் பாடாது. நான் கொழாய ஏத்தித்தான் வெப்பேன் அந்த எடத்துல. கூழ் வாங்க வந்த சனம் குண்டானோட அப்படியே நிக்கும். மெட்ராஸ்ல யாரோ படிச்ச பொண்ணு மூச்சு கேக்குதுன்னு சொல்லிடுச்சாம். அன்னியிலருந்து இப்படி. மூச்சு கேட்டா என்னாம்மா, உசுரோட இருக்கற பொம்பளதான?”

பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நீ யாரும்மா, எந்த ஊரு?”

“சும்மா, பாட்டு கேக்க வந்தேண்ணா.”

பாட்டு முடிந்தது. அக்கா இறங்கும்போது வேலாயுதம் இடைவேளைக்கு ஒலிநாடாவைப் போட்டுவிட்டார். அவர்கள் ஒலிநாடா என்றுதான் சொல்கிறார்கள், போனில்தான் போடுகிறார். போட்டது எது? இதே பாட்டு. எங்கள் மைனஸ் ஏழு. நாலு குழாயிலும் செங்கல் செங்கலாக வந்து விழுந்தது.

அக்கா ஒரு சொம்பில் கூழோடு வந்தார். இன்னும் இரைத்துக்கொண்டிருந்தார். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு காதுகிட்டே, “சொல்லு பாப்பா. திருத்திக்கிட்டேனா? மூச்சு கேட்டுச்சா?” என்றார்.

என் நாலு வாக்கியமும் அப்படியே இருந்தன. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. பைக்குள் கையை விட்டுப் பென்டிரைவைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, தப்பு உங்க மேல இல்ல, நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“என்னா?”

“உங்க மூச்சுல ஒண்ணும் இல்லக்கா, நாங்கதான் ஸ்டூடியோல...”

“கேக்கல பாப்பா!” காதுக்குக் கையைக் குவித்தார். தலைக்கு மேலே அவர் குரலே அவர் மூச்சோடு சேர்ந்து இரைந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்வேன்? என் குரல் இவ்வளவுதான். நாலு குழாய்க்கு எதிரே என்னத்தைச் சொல்வது? இந்த நாட்டில் அமைதியாக ஒருவர் ஒரு வார்த்தை பேச முடியுமா? எனக்கு அழுகையாக வந்தது.

வேலாயுதம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கையை நீட்டிக் குமிழைக் கடைசிவரை இறக்கினார்.

சட்டென்று ஒன்றும் இல்லை. புளியமரத்தில் காக்கை கத்துவது கேட்டது. அண்டாவில் கரண்டி இடிப்பது கேட்டது. கூழ் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், என்ன ஆயிற்று என்று எங்கள் பக்கம் திரும்பினார்கள். அக்காவின் மூச்சு கேட்டது, உள்ளே போவதும் வெளியே வருவதும்.

“சொல்லும்மா” என்றார் வேலாயுதம்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருந்துச்சுக்கா” என்றேன். “மூச்சே கேக்கல.”

அக்காவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. “ரெண்டு வரிக்கு ஒரு தடவதான் விடறேன் பாப்பா. அடுத்த வருசத்துக்குள்ள நாலு வரி இழுத்துருவேன்” என்று சொம்பை என் கையில் கொடுத்தார்.

வேலாயுதம் என்னைப் பார்த்தார். காதிலிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு குமிழைப் பழையபடி திருப்பிச் சத்தத்தைக் கூட்டினார்.